அது ஆசிட் இல்லை, ரப்பர் பால்

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவதுமாகவே என் வருடங்கள் ஓடிவிட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். லாரி டயரைப் பற்றிக் கேட்டால் பேசுவேன். எழுத்து என் தொழில் இல்லை. அதுவும் போக, எழுதினால் என் வீட்டுக்காரியின் தம்பியை இதில் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். அவன் மனம் நோகும். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளைக்குச் சோற்றுத் தட்டு சத்தமாக வந்து விழும். இந்தக் காரணங்களைச் சொல்லிச் சொல்லியே தப்பித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இங்க முன்ன ஒரு பொம்பள இருந்துச்சு சார். லாரி டிரைவர் மூஞ்சில ஆசிட் ஊத்திடுச்சு. பாவம், அவனுக்கு ஒரு கண்ணே போச்சு."

"அடப்பாவமே!"

நான் திரும்பினேன். "நீங்க பாத்தீங்களா?"

"ஊரே சொல்லுது பாய்."

"நீங்க இந்த ஊருக்கு வந்து எவ்ளோ நாளாச்சு?"

"நாங்க இப்பதான் வந்தோம், புது ஃபிளாட்டுக்கு."

கண் போய்விட்டதாம்! நான் கடைசியாகக் கேட்டபோது அந்தக் கண் இருந்தது. இப்போது புதிதாகப் பறித்திருக்கிறார்கள். இல்லாத டிரைவரின் இல்லாத கண். இப்படியே விட்டால் அடுத்த வருடம் மற்றக் கண்ணும் போகும், அதற்கடுத்த வருடம் ஆளையே கொன்றுவிடுவார்கள். வீட்டுக்கு வந்தேன், மதியம் லுஹர் தொழுதேன், என் மச்சானுக்குப் போன் போட்டேன். விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "எழுது மச்சான். என்னைப் பத்தியும் எழுது. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றான். அல்லாஹ் அவனுக்கு நல்லது செய்யட்டும்.

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கேட்காமல் போட எனக்கு உரிமை கிடையாது. கேட்கலாம் என்றால் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. தாம்பரத்தை ஒட்டிய எங்கள் இரும்புலியூரில் எல்லாரும் அவரைத் தந்தியம்மா என்றுதான் சொல்லுவோம். தந்தி ஆபீசில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். புருஷன் இல்லை. ஒரே மகன் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த என் பஞ்சர் கடைக்குப் பின்தெருவில், மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம். நாம் என்ன சொன்னாலும் அதை ஒருமுறை நம்மிடமே திருப்பிச் சொல்வார். "'சாயங்காலம் அஸருக்கு அப்புறம் வாங்க, ரெடியா இருக்கும்.' சரியா பாய்?" என்பார். சரி என்று சொன்னால்தான் நகர்வார். தந்தி ஆபீஸ் பழக்கம். அதோடு போனால் பரவாயில்லை. நாம் ஒருவரிடம் சொல்லச் சொன்னதை அவரிடம் போய் அப்படியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல், இறக்கிவைத்துவிடுவார். காய்கறி வண்டிக்காரன் ஒருமுறை, "அந்த மூலை வூட்டுக் கஞ்சப் பொம்பளகிட்ட முருங்கக்கா வந்துகீதுன்னு சொல்லும்மா" என்று சொல்லியனுப்பியிருக்கிறான். இவர் போய் மணியை அழுத்தி, "'அந்த மூலை வூட்டுக் கஞ்சப் பொம்பளகிட்ட முருங்கக்கா வந்துகீதுன்னு சொல்லும்மா'ன்னு சொன்னார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு அந்த வண்டிக்காரன் எங்கள் தெருப்பக்கம் முருங்கைக்காயும் விற்கவில்லை, முகத்தையும் காட்டவில்லை.

"ஏம்மா, அந்த 'கஞ்ச'ங்கறத மட்டும் வுட்டுட்டு சொல்லியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"எது வேணும், எது வேணாம்னு பிரிக்கறது என் வேலை இல்ல பாய். வாங்கறவங்க பிரிச்சுப்பாங்க."

ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது காரணத்தையும் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்து ஆள் தந்தி கொடுக்க வந்திருக்கிறார். அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வரவும் என்று, பட்டணத்தில் இருந்த தன் அண்ணன் மகனுக்கு. கூட வேலை பார்த்த ஒருவர், ஏழை ஆள்தானே, செலவு குறையட்டும் என்று இரக்கப்பட்டு 'உடனே'யை எடுத்துவிட்டார். மகன் லீவு சொல்லி, துணி துவைத்துப் போட்டு, நிதானமாகக் கிளம்பி வந்தான். வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. "அவன் ஆபீசுக்கு வந்து கவுன்ட்டர் முன்னாடி நின்னான் பாய். சண்டை போடல. 'உடனேன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே'ன்னான். அவ்ளோதான்." சொல்லிவிட்டுக் கிளாசை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனுஷிக்கு மகன் விட்டுப்போன ஒரு சைக்கிள் இருந்தது. மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், பின்னால் பல் பல்லாகச் சக்கரங்கள். சுடிதார் மேல் மகனின் பழைய முழுக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, தலையில் ஒரு துண்டு. இந்தக் கோலத்தில் விடிந்தும் விடியாமல் ஏரிக்கரையை ஒரு சுற்று வருவார். நான் சுபுஹு தொழுதுவிட்டுக் கடை திறக்கிற நேரம் அவர் என்னைத் தாண்டிப் போவார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் போனார்.

அந்தச் சமயத்தில்தான் ஏரியின் தென்மூலையில் லாரிகள் வர ஆரம்பித்தன. இடித்த வீடுகளின் கல்லும் மண்ணும் கொண்டுவந்து தண்ணீரில் கொட்டிவிட்டுப் போகும். யாருடைய வேலை என்று எல்லாருக்கும் தெரியும். முன்பு அந்த ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த குடும்பத்து ஆள். நிலத்தை மனை போட்டு விற்று, விற்க நிலம் தீர்ந்துபோய், ஏரியை நிலமாக்கப் புறப்பட்டவர். அவரை எல்லாரும் அண்ணன் என்பார்கள். எனக்கு அவர் அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை. மனைக்காரர் என்றே எழுதுகிறேன்.

அந்த ஏரி போனால் எங்கள் கிணறுகள் போகும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். தந்தியம்மா மட்டும் லாரி நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, தாலுகா ஆபீசில் போய் ஒப்பித்தார். டிரைவர் என்ன சொன்னான் என்பதையும் சேர்த்து.

அதற்குப் பிறகு கரையில் முள் விழ ஆரம்பித்தது. சீமைக்கருவேலம் அங்கே எப்போதும் உண்டு, முள்ளும் உண்டு. ஆனால் முள் தானாக வெட்டிக்கொண்டு வந்து பாதைக்குக் குறுக்கே வரிசையாகப் படுக்காது. அந்தத் தென்மூலைக்குப் போக அந்தக் கரையை விட்டால் வேறு வழி இல்லை. நடந்து போனால் லாரிக்காரன் இவர் வருவதைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறான். சைக்கிளில் போனால் பாதி வழியில் டயர் உட்கார்ந்துவிடுகிறது. தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வருவார். டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினால் சல்லடை மாதிரி குமிழி வரும். ஒட்டுக்கு மேல் ஒட்டு போட்டு அந்த டியூபில் ஒட்டுப் போட இடமே இல்லாமல் போய்விட்டது.

ஒரு வியாழக்கிழமை வந்து, "பாய், என் பையன் ஒரு வழி சொன்னான். டியூபே வேணாமாம்" என்றார்.

"டியூப் இல்லாம சைக்கிள் ஓடாதும்மா. காருன்னா சரி, அதுக்கு ரிம்மே வேற. இதுல ஸ்போக்கு ஸ்போக்குக்கு ஓட்டை. காத்து எங்க நிக்கும்? நான் எழுதித் தரேன், ஓடாது."

"'டியூப் இல்லாம சைக்கிள் ஓடாது, நான் எழுதித் தரேன்.' சரி. அவன் சொன்னதைச் சொல்றேன், கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆரம்பித்தார்.

"'அம்மா, நல்லா கேட்டுக்கோ. டியூபைக் கழட்டிடு. ரிம் உள்ள ஸ்போக் ஓட்டை எல்லாம் தெரியும். அதுமேல டேப் சுத்தணும். இழுத்துப் பிடிச்சு சுத்தணும், ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. ஒரு நிமிஷம்மா, மேனேஜர் கூப்பிடறான். ஹலோ. இருக்கியா? பழைய டியூப்லேர்ந்து வால்வை மட்டும் அடியில கொஞ்சம் ரப்பரோட வெட்டி எடுத்து, ரிம்ல இருக்கற வால்வு ஓட்டையில இறுக்கிடு.'"

என் மச்சான் அப்போது என் கடையில்தான் கம்ப்ரசர் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த மேனேஜரையும் சேத்து டேப் சுத்தணுமாம்மா?" என்றான்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "'டயரைப் போட்டுட்டு உள்ள ரப்பர் பால் ஊத்தணும். அதுல கொஞ்சம் ஜிகினாத் தூள் கலந்துடு. சிரிக்காதம்மா, நிஜமாத்தான். முள்ளு குத்தினா பாலு ஓடிவந்து ஓட்டையை அடைக்கும், ஜிகினா அதுல போய் மாட்டிக்கும். டயர் விளிம்புல சோப்புத் தண்ணி தடவு. டயரைச் சுத்திக் கயிறு கட்டி, குச்சி சொருகி முறுக்கு. அப்பதான் விளிம்பு ரிம்மோட ஒட்டும். கம்ப்ரசர் காத்து ஒரே மூச்சுல போகணும். ரெண்டு தடவை டப் டப்னு சத்தம் வரும், பயப்படாத. நாப்பதுக்கு மேல போகக் கூடாது. நாப்பதும்மா. நாலு பூஜ்யம்.' அவ்ளோதான்."

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கையுறை செய்கிற ஒரு பட்டறையிலிருந்து ரப்பர் பாலைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வெள்ளைக் கேன். மூடியைத் திறந்தால் அம்மோனியா நெடி மூக்கைப் பிளக்கும். பால் கெட்டியாகாமல் இருக்க அதைக் கலப்பார்களாம். ஜிகினாத் தூள் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது, கல்யாண அலங்காரத்துக்குத் தூவுகிற வெள்ளி நிறம். இந்த நெடியையும் இந்த ஜிகினாவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடையில் வேலை ஆரம்பித்தோம். டேப் சுற்றினேன். வால்வு இறுக்கினேன். பாலும் ஜிகினாவும் ஊற்றி, கயிறு கட்டி, குச்சி வைத்து முறுக்கிப் பிடித்தேன். மச்சான் கம்ப்ரசர் குழாயை வால்வில் வைத்தான்.

"நாப்பது" என்றார் தந்தியம்மா.

"தெரியும்மா."

டப் என்றது. இன்னொரு டப். டயர் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மச்சான் நிறுத்தவில்லை. லாரி டயருக்கு நூறைத் தாண்டி அடித்துப் பழகிய கை.

"நாப்பது!" என்றார் மறுபடியும்.

"நாப்பது சும்மா குழந்த சைக்கிளுக்கும்மா, இந்த டயரப் பாரு எப்டி கீதுன்னு..."

வெடித்தது. அப்படி ஒரு சத்தம். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் குனிந்துவிட்டார்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்று பறந்து என் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பால் முழுக்க மச்சான் மேலும் பின்சுவர் மேலும். அவன் தாடி வெள்ளையாகி, அதில் ஜிகினா மின்னியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. தந்தியம்மா துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே, "'நாப்பதும்மா. நாலு பூஜ்யம்'னு சொன்னான்" என்றார். எவ்வளவு தேய்த்தும் அந்த ஜிகினா போகவில்லை. ஜும்ஆவுக்கு மின்னிக்கொண்டே வந்து முதல் வரிசையில் நின்றான். தொழவைக்கிற ஹஜ்ரத்தே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கேலி தாங்காமல்தான் அவன் அதைச் செய்தான் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், என்னப்பா சத்தம், தாடியில என்னப்பா மின்னுது என்று. காற்றை அதிகமாக அடித்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். "அந்தம்மா ஏதோ கெமிக்கல் கொண்டாந்துச்சு, அது வெடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான் அவன் சொன்னது. ரப்பர் பால் என்ற இடத்தில் கெமிக்கல்.

நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் அறியாமல் மறுநாள் திரும்ப வேலை பார்த்தோம். இரண்டு சக்கரத்துக்கும் கம்ப்ரசரை நானே பிடித்தேன். தந்தியம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று காற்று மானியைப் பார்த்தார். நாற்பதுக்கு முன்பே குழாயை எடுத்தேன். பிறகு சக்கரத்தைக் கையில் தூக்கி, ஊறுகாய் ஜாடியைக் குலுக்குவது மாதிரி எல்லாப் பக்கமும் குலுக்கினோம். டயரின் பக்கவாட்டில் அங்கங்கே வெள்ளை முத்து முத்தாகப் பால் கசிந்து, குமிழி விட்டு, நின்றது. ஒரு வாளியின் மேல் படுக்கவைத்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் போட்டோம். காலையில் வந்து அமுக்கிப் பார்த்தால் காற்று வைத்தது வைத்தபடி இருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொன்ன நான், மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குக் கரைக்கு நானும் மொபெட்டில் பின்னால் போனேன், பார்த்தே ஆகவேண்டும் என்று. பாதையில் முள் போட்டுத்தான் இருந்தது. மதகின் மேல் மனைக்காரரின் ஆட்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மொபெட்டை நிறுத்திவிட்டேன். தந்தியம்மா நேராக முள்ளின் மேல் ஏற்றினார். புஸ் என்று சத்தம் கேட்டது. சக்கரம் ஒரு சுற்று சுற்றியது, வெள்ளையாக ஒரு புள்ளி, அதில் ஒரு மினுக்கு. சத்தம் நின்றுவிட்டது. அவர் போய்க்கொண்டே இருந்தார்.

மதகில் இருந்தவன் எழுந்தே விட்டான். "இன்னாம்மா, பஞ்சர் ஆவலியா?"

"'இன்னாம்மா, பஞ்சர் ஆவலியா?' ஆவல" என்று சொல்லிவிட்டுத் தென்மூலைக்குப் போய், மண் கொட்டிக்கொண்டிருந்த லாரியின் முன்னால் சைக்கிளை நிறுத்தினார்.

அந்த லாரி நம்பர்தான் பெரிய ஆபீஸ்வரை போனது. ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். மனைக்காரருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சமாதானக் கூட்டமாம். நடுவில் மனைக்காரர், பக்கத்தில் சங்கச் செயலாளர், எதிரே ஊர். நானும் மச்சானும் கடைசி வரிசையில். தந்தியம்மாவை எழுந்து சொல்லச் சொன்னார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, லாரி நம்பர்களைச் சொன்னார். பிறகு, செய்தி வாசிக்கிற குரலில், "டிரைவர் சொன்னது: 'இது யார் மண்ணு தெரியுமா? அண்ணன் மண்ணு. அண்ணன் சொன்னா ஏரியும் மனைதான், ஆபீசரும் ஆளுதான். நீ வூட்டுக்குப் போயி சோறாக்கு'" என்றார். முன்வரிசையில் ஒருவர் சிரித்து, மனைக்காரர் திரும்பியதும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

செயலாளர் குழைந்தார். "மேடம், வண்டி சத்தத்துல தப்பா காதுல விழுந்திருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லாம் முடிஞ்சிடும்."

"தப்பா விழல. இந்தக் காதுக்குத்தான் கவர்மென்ட் எனக்கு சம்பளம் குடுத்துச்சு."

அப்போது மனைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "எல்லாத்தையும் அப்டியே சொல்வீங்களே. எங்க டிரைவர் மேல ஊத்தறதுக்கு பாய் கடையில ஆசிட் வாங்கி வெச்சி, அது வெடிச்சுதே, அதையும் அப்டியே சொல்லுங்களேன்."

ஆசிட் என்ற அந்த வார்த்தையைத் தந்தியம்மா கேட்பது அதுதான் முதல் தடவை. நானும் அன்றுதான் கேட்டேன். கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். "யார் பாத்தீங்க?"

யாரும் பார்க்கவில்லை. செயலாளர், "டீக்கடையில பேசிக்கிட்டாங்க" என்றார். டீக்கடைக்காரர் எழுந்து, "இஸ்திரி போடறவரு சொன்னாரு, ஆசிட் தெறிச்சிடுச்சுன்னு" என்றார். இஸ்திரி போடுகிறவர், "ஐயையோ, நான் ஆசிட் மாதிரி நெடின்னுதாம்மா சொன்னேன். கெமிக்கல் வெடிச்சதா இவரு சொன்னாரு" என்று என் மச்சானைக் காட்டினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "கெமிக்கல்னுதான் சொன்னேன். ஆசிட்னு நான் சொல்லல" என்றான்.

பார்த்தீர்களா? ஒருவரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வார்த்தை. ஒருவன் பாலைக் கெமிக்கல் ஆக்கினான். ஒருவர் நெடியைச் சேர்த்தார். ஒருவர் 'மாதிரி'யை எடுத்தார். மனைக்காரர் 'ஊத்தறதுக்கு' என்று ஒன்றை ஒட்டினார். எல்லாரும் அஞ்சு வேளையும் ஆறு காலமும் இறைவனைக் கும்பிடுகிறவர்கள்தான். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். எனக்கு இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

நான் எழுந்து கத்தினேன். "அது ரப்பர் பால்! டயருக்கு ஊத்தறது! என் கடையில, என் கண்ணு முன்னாடி! காத்து அதிகமா அடிச்சதால வெடிச்சது!"

"உக்காருங்க பாய், அவங்க உங்க கஸ்டமர்" என்றார் செயலாளர்.

இரண்டு நாளில் ஸ்டேஷனில் புகார். ஒரு எஸ்.ஐ. என் கடைக்கு வந்தார். அவரைப் பின்சுவருக்குக் கூட்டிப்போனேன். பால் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது, அதில் ஜிகினா. வெயில் பட்டு மின்னியது.

"ஆசிட் பட்ட சுவரா சார் இது?"

அவர் நகத்தால் சுரண்டினார். ரப்பராக உரிந்து வந்தது. இழுத்துவிட்டுப் பார்த்தார். "என்ன பாய் இது, கல்யாண ஜோடனை மாதிரி!" என்று சிரித்துவிட்டார். மச்சான் அவர் முன்னால் போய் நின்று, "நான்தான் சார் காத்த அதிகமா அடிச்சேன்" என்றான். அன்றைக்கு அவன் சொன்னது முழு வார்த்தை. புகார் அதோடு விழுந்தது.

ஆனால் புகார் விழுந்ததை யார் தெருவில் சொன்னார்கள்? ஆசிட் நாலு நாளில் பொத்தேரிவரை போயிற்று. ஆசிட் இல்லை என்பது அடுத்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அவர் போனால் பெண்கள் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, நாங்கள் குடும்பம் குட்டியோடு இருக்கிறோம் என்றாராம். கூட்டத்தில் இருந்த மனுஷன்! தன் காதால் கேட்ட மனுஷன்!

வீடு காலி செய்த அன்று கடைக்கு வந்தார். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, "காத்து பாருங்க பாய்" என்றார். பார்த்தேன். குறைந்திருக்கவில்லை.

"நீங்க முதல்ல, 'டியூப் இல்லாம சைக்கிள் ஓடாது, நான் எழுதித் தரேன்'னு சொன்னீங்க" என்றார். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"உங்களுக்காக துஆ செய்வேம்மா" என்றேன்.

"என்னன்னு கேப்பீங்க?"

யோசித்துச் சொன்னேன். "'யா அல்லாஹ், இந்தம்மா சொன்னது சொன்னபடி நிக்கணும்'னு கேப்பேன்."

"'யா அல்லாஹ், இந்தம்மா சொன்னது சொன்னபடி நிக்கணும்.' சரியா பாய்?"

"சரிம்மா."

ஏறிப் போய்விட்டார்.

தென்மூலையில் கொஞ்சம் போனது போனதுதான். அங்கே இன்று வீடுகள் இருக்கின்றன. மற்ற ஏரி நின்றது, அவர் ஒப்பித்த நம்பர்களால் நின்றது. இப்போது கரையில் நடைபாதை போட்டு, கல் வைத்து, அதில் சங்கத்துக்காரர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். செயலாளர் பெயர் முதலில் இருக்கிறது. அந்தக் கல்லைத் தாண்டித்தான் அன்றைக்கு அந்த இருவரும் கண் போன டிரைவரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் கடையும் ரோடு அகலமானபோது போய்விட்டது, அந்தச் சுவரோடு. காட்டுவதற்கு இனி என்னிடம் ஒன்றும் இல்லை. சொல் மட்டும்தான் இருக்கிறது.

எங்களில் அமானிதம் என்று சொல்வோம். ஒருவர் நம்பி உங்களிடம் வைத்துவிட்டுப் போன பொருள். அதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, கேட்கும்போது வைத்தபடி திருப்பித் தர வேண்டும். இதைப் படித்தவர்களிடம் இதை அப்படித்தான் வைக்கிறேன். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், ஏரிக்கரையில் நடக்கும்போது சொல்லுங்கள். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க வேண்டாம். அந்த அம்மாவைப் பெரிய வீராங்கனை ஆக்க வேண்டாம், என் மச்சானைக் கெட்டவன் ஆக்க வேண்டாம். ரப்பர் பால் என்றால் ரப்பர் பால். நாற்பது என்றால் நாற்பது. சொல்கிற அவசரத்தில் ஜிகினாவை விட்டுவிடாதீர்கள். சொல்லி முடித்ததும், கேட்டவரை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

சரியா?